அச்சுக்காரிக்கு முகம் கொடுத்தவள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். உயரம் மட்டும் காரணமில்லை. ஓரிடத்தில் நிற்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் தலைதான் கண்ணில் படும். இப்போது உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்தில் இருப்பாள், கண்ணைச் சிமிட்டுவதற்குள் தள்ளுவண்டியோடு மூன்றாம் மாடிக்குப் போயிருப்பாள். "இவளுக்குக் கால்ல சக்கரம்" என்பார் மேற்பார்வையாளர். அது பாராட்டா திட்டா என்பது அவருக்கே தெரியாது.

அப்படிப்பட்டவளை ஒருவர் "அசையாதே" என்று அதட்டியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

எலும்பு முறிவு வார்டில் ஒரு தலையணை உறை காணாமல் போயிருந்தது. சலவைக்குப் போட்டதுதான் திரும்பி வரவில்லை என்று நர்ஸ் சாதித்தாள். வார்டை விட்டு அது கிளம்பவே இல்லை என்று நெட்டை சாதித்தாள். பேசிப் பயனில்லை என்று கட்டிலுக்குக் கட்டில் குனிந்து தேடத் தொடங்கிவிட்டாள். காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த ஒரு பெரியவர் திடீரென்று, "அப்படியே நில்லு! அசையாதே!" என்று கத்தினார். முதுகில் கரப்பான்பூச்சி ஊர்கிறது என்று நினைத்து அவள் ஒரு துள்ளுத் துள்ளினாள்.

"பூச்சி இல்லம்மா. உன் முகம். இப்ப ஒரு கோபம் இருந்துச்சு பாரு, அது போயிடுச்சு. மறுபடி வருமா?"

"உறை கிடைக்கலன்னா தானா வரும்" என்றாள் நெட்டை.

உறை அவருடைய மாவுக்கட்டுக்கு அடியில் சுருண்டு கிடந்தது.

அவர் சிற்பி. அச்சுக்காரிக்கு ஒரு வெண்கலச் சிலை செய்து தரும்படி நகரசபை அவரிடம் கேட்டிருந்தது. அச்சுக்காரியைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் இல்லை, அவள் முகத்தைத் தெரிந்தவர்களும் இல்லை. அவள் செத்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒற்றை ஆளாக ஒரு கை அச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு வாரம் ஒரு தாள் போட்டவள். அந்தத் தாளில் செய்தி இருக்காது, உபதேசம் இருக்காது, கேள்விகள் மட்டும்தான் இருக்கும். பெயரே 'கேள்வித்தாள்'. இயந்திரத்தைத் தூக்கி ஆற்றில் போட்டார்கள், வேறொன்று வாங்கினாள். சிறையில் போட்டார்கள், உள்ளே இருந்தவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். இவ்வளவும் தெரியும். ஆனால் படம் என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. முகமில்லாத ஒருத்திக்குச் சிலை செய்வது எப்படி என்று யோசித்துக்கொண்டே ஏணியிலிருந்து விழுந்துதான் சிற்பி காலை உடைத்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்த பிறகு, அவர் கேட்டுக்கொண்டபடி சிலைக்கு மாதிரியாக உட்கார அவருடைய பட்டறைக்கு நெட்டை வாரம் ஒருமுறை போனாள். வீட்டில் இதை முதலில் யாரும் நம்பவில்லை. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக், பேச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர். "சும்மா உட்காரணுமா? நீயா?" என்று மட்டும் கேட்டார். அவருடைய தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், அதே வீட்டில் அவர்களோடு இருந்தாள். அவளுக்கு வாய் அடங்காது. "அண்ணி உட்கார்ந்ததை நான் பார்த்ததே இல்லண்ணா. சிலை பாதியில எந்திரிச்சு ஓடப்போகுது."

உண்மையில் உட்காருவது பெரும் பாடாகத்தான் இருந்தது. கால் ஆடும், விரல் முக்காலியின் விளிம்பில் தாளம் போடும். கண் ஜன்னலுக்குப் போய்விடும். மன்னிப்புக் கேட்பாள். சிற்பி களிமண்ணைப் பிசைந்தபடி, "அதை நிறுத்தாதே. அவளும் உட்கார்ந்திருக்க மாட்டா" என்பார். சில நாள் அச்சுக்காரியின் கேள்விகளில் ஒன்றிரண்டைச் சொல்லுவார். 'நீ பயப்படுகிறவர் யாருக்குப் பயப்படுகிறார்?' நெட்டை அதைக் கேட்டுச் சிரித்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மேற்பார்வையாளர் யாருக்குப் பயப்படுவார் என்று யோசித்தாள். அவருடைய மனைவிக்கு என்று முடிவு செய்தாள். அதோடு அது முடிந்திருக்கலாம்.

சிலை நூலகத்துக்கு எதிரே நாலு சாலை கூடும் இடத்தில் எழுந்தது. கையில் மை உருளையோடு, எங்கேயோ கிளம்புகிறவள் போல ஒரு காலை முன்னே வைத்து நின்றாள் அச்சுக்காரி. நீண்ட கழுத்து, தூக்கிய தாடை, யாரோ எதையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது போன்ற பார்வை. திறப்பு விழாக் கூட்டத்தில் பின்வரிசையில் நெட்டை நின்றாள். தன் மூக்கு இவ்வளவு பெரிதா என்பதுதான் அவளுக்குத் தோன்றிய முதல் எண்ணம்.

மறுவாரம் பேருந்தில் நடத்துநர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அக்கா, உங்களை இப்பதான் நூலக ஸ்டாப்புல விட்டுட்டு வந்தேன். மறுபடி இங்க ஏறுறீங்க?" பேருந்தே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சிலையின் படம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் வந்தது, ஊர்வலப் பதாகைகளில் வந்தது, ஒரு சோப்புக் கம்பெனி விளம்பரத்தில்கூட வந்தது. அவள் மகள் சமூகப் பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள்.

"அம்மா, வகுப்புல எல்லாரும் உனக்கு மீசை போட்டிருக்காங்க."

"நீ?"

"நான் கண்ணாடி மட்டும்தான் போட்டேன்."

"எந்த ஃபிரேம்?" என்று அத்தை ஆர்வமாக எட்டிப் பார்த்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நெட்டையும் சிரித்தாள். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று அரிக்கத் தொடங்கியிருந்தது. வரிசையில் யாராவது முந்தினால் முன்பெல்லாம் விட்டுவிடுவாள். இப்போது விட்டால், பின்னால் நிற்பவர்கள் ஏமாற்றத்தோடு பார்ப்பதுபோல இருந்தது. கேட்டாலோ, அந்த முகம் இருக்கிற திமிர் என்று நினைப்பார்களோ என்று கூசியது. செய்தாலும் தவறு, செய்யாவிட்டாலும் தவறு. தன் முகத்தைத் தானே சுமந்துகொண்டு நடப்பது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நூலகத்துக்குப் போய் அச்சுக்காரியின் கேள்விகளைத் தொகுத்த புத்தகத்தை எடுத்து வந்தாள். படிக்கிற பழக்கம் விட்டுப்போய் வெகுகாலம். பேருந்தில் கொஞ்சம், துணி வேகும் நேரத்தில் கொஞ்சம் என்று படித்தாள். பிடிக்கவில்லை. இந்தப் பெண் யாரையும் சும்மா விடவில்லை. நீதிபதியைக் கேட்டாள், வியாபாரியைக் கேட்டாள், தன்னை ஆதரித்தவர்களையும் கேட்டாள். 'ஊருக்கு நல்லது என்கிறார்களே, அந்த ஊரில் நீ இருக்கிறாயா?' முன்னுரையில் இன்னொன்றும் இருந்தது: சிறைக்குப் போகுமுன் கைக்குழந்தையைத் தங்கையிடம் விட்டுப் போனாள், வெளியே வந்தும் திரும்ப அழைத்துக்கொள்ளவில்லை.

"என்ன பொம்பளை இவ?" என்று நெட்டை புத்தகத்தை மூடினாள். "ஊரையெல்லாம் கேட்டா. பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டாளா?"

"அந்தப் பிள்ளையை வளர்த்த தங்கச்சிய யாராவது கேட்டாங்களா?" என்றாள் நாத்தனார், நகத்தை வெட்டிக்கொண்டே. "அவளுக்கெல்லாம் சிலை வைக்க மாட்டாங்க அண்ணி."

நெட்டைக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டிலும் காலையில் மகளுக்குத் தலை வாரிவிடுவது நாத்தனார்தான். மறுநாளிலிருந்து தானே வாரினாள். அவசரத்தில் கோணல் வகிடாக வந்தது. மூன்றாம் நாள் மகள் சீப்பை எடுத்துக்கொண்டு அத்தையிடமே போய்விட்டாள்.

கேள்விகள் ஒட்டிக்கொண்டன. இந்த நாற்காலியில் எப்போதும் ஏன் நீங்களே உட்காருகிறீர்கள் என்று கணவரைக் கேட்டாள். அவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனார், இரண்டு நிமிஷம் கழித்து, "இதுல முதுகு வலிக்குது" என்று திரும்பி வந்தார். குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டியை யார் கழுவுகிறார்கள், கழுவினார்களா என்று கேட்டாள். அண்டை வீட்டுக்காரர்கள் அவள் படியேறும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தினார்கள்.

ஆனால் சலவைக்கூடத்தில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது இருந்தது அங்கேதான்.

ஈரப் போர்வைகளை அழுத்தி உலர்த்தும் பெரிய இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. கொதிக்கிற இரண்டு உருளைகள், நடுவே துணி போகும். உருளைக்கு முன்னால் ஒரு கம்பி இருக்கும். கை கொஞ்சம் அதிகமாகப் போய்க் கம்பியில் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். கனமான போர்வை பட்டாலும் நின்றுவிடும், அதுதான் தொல்லை. ஒரு நாளைக்குப் பல தடவை நின்றது, வேலை தேங்கியது. மேற்பார்வையாளர் கம்பியைத் தற்காலிகமாகக் கழற்றச் சொன்னார். தற்காலிகம் மாதக்கணக்கில் நீண்டது. கம்பி கிடக்கும் மூலை எல்லோருக்கும் தெரியும். நெட்டைக்கும் தெரியும்.

அந்த இயந்திரத்தில் நின்றவளுக்குப் பாட்டுக்காரி என்று பெயர். பாடுவது நன்றாக இருக்கும் என்பதால் அல்ல, நிறுத்த மாட்டாள் என்பதால். ஒரு மத்தியானம் பாட்டு நின்றது. அந்த நொடியில் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்து வந்த அலறலைக் கேட்பதற்கு முன்பே நெட்டை ஓடிக்கொண்டிருந்தாள். சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அடித்தாள், உருளை நின்றது. பாட்டுக்காரியின் வலது கை முழங்கை வரை வெந்திருந்தது.

ஆஸ்பத்திரி என்பதால் சிகிச்சைக்குப் படி ஏறினால் போதும். மேற்பார்வையாளர் உடனே எழுதிவிட்டார்: பணியாளரின் கவனக்குறைவு. கம்பி அன்று சாயங்காலமே பழைய இடத்துக்கு வந்துவிட்டது, என்றைக்கும் அங்கேயே இருந்ததுபோல.

பெண்கள் நெட்டையைச் சூழ்ந்துகொண்டார்கள். "நீ போய்க் கேளு."

"நான் எதுக்கு? எல்லாரும்தானே பார்த்தோம்."

"நிர்வாகி ரூம்ல உன் படம்தான் மாட்டியிருக்கு. உன்னைப் பார்த்தா அவருக்கே பேச்சு வராது."

"அது என் படம் இல்ல" என்று வெடித்தாள் நெட்டை. "அவ வேற, நான் வேற. எனக்கு வேலை போனா நீங்க சோறு போடுவீங்களா?"

அவரவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு கலைந்தார்கள்.

அதன் பிறகு வந்த நாட்கள் அவளுக்கு நெருப்பில் நிற்பதுபோலக் கழிந்தன. சாப்பாட்டில் மனம் செல்லவில்லை. பேருந்திலிருந்து ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தாள், நடந்து களைத்தால் மனம் அடங்கும் என்று. கால்தான் களைத்தது. நடக்கிற வழி எப்படிச் சுற்றினாலும் நாலு சாலைக்கே கொண்டுவிட்டது. புத்தகத்தில் அவள் தவிர்த்துவிட்டுப் போன ஒரு கேள்வி இருந்தது. 'பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காமலிருப்பதற்கு என்ன பெயர்?' ஒரு மாலை சிலையின் கீழே நின்று அண்ணாந்து பார்த்து வாய்விட்டே பேசினாள்.

"என் மூஞ்சிய வச்சுக்கிட்டு நீ தைரியமா நிக்கிற. என்னை இப்படிப் பாக்காதே."

பக்கத்தில் செய்தித்தாள் விற்றுக்கொண்டிருந்தவர் அவளையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்.

பாட்டுக்காரியைப் பார்க்க வார்டுக்குப் போனாள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். திட்டுவாள் என்று நெட்டை எதிர்பார்த்தாள். அவளோ, "தூக்கத்துல நான் பாடுறேனாம், பக்கத்துக் கட்டில்காரம்மா புகார் குடுத்திருக்கு" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "என் கவனக்குறைவுன்னு எழுதி என்னையே கையெழுத்துப் போடச் சொன்னாங்க. இடது கையால போட்டா போதுமாம்."

"போட்டியா?"

"இல்ல. நாளைக்கு வந்து வாங்கிக்கிறதா சொல்லியிருக்காங்க."

நெட்டை எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. படியில் இறங்காமல் ஏறினாள். நிர்வாகியின் அறை ஐந்தாம் மாடியில் இருந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. சீருடையிலேயே, கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.

நிர்வாகி நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். அவர் தலைக்கு மேல் அச்சுக்காரி பெரிய சட்டத்துக்குள் நின்றாள். உள்ளே வந்தவளைப் பார்த்தார், அனிச்சையாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"அட, நீங்கதானா அது! நம்ம ஆஸ்பத்திரிக்கே பெருமைம்மா. உட்காருங்க. கேள்வி கேக்கறவங்கதான் நாட்டுக்கு வேணும்னு நான் எல்லா விழாவுலயும் சொல்றேன்."

"நான் நிக்கிறேன். ஒண்ணு கேக்கணும்" என்றாள் நெட்டை. "சலவை மெஷின்ல பாதுகாப்புக் கம்பியைக் கழற்றச் சொன்னது யாரு?"

நிர்வாகியின் சிரிப்பு முகத்தில் இருந்தது, ஆனால் அதற்கு அங்கே இனி வேலையில்லை. "விசாரிக்கணும்."

"விசாரிங்க. எங்க எல்லாருக்கும் தெரியும். எங்களை யாரும் கேக்கல."

"எழுத்துபூர்வமா ஒரு புகார்…"

"அதுக்கு முன்னாடி, நாளைக்கு அவகிட்ட கையெழுத்து வாங்க வர்றவரு வர மாட்டாருன்னு சொல்லுங்க. அது வரைக்கும் நான் இங்கேயேதான் இருப்பேன்."

இருந்தாள். உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள், திரும்பி நடந்தாள். நிர்வாகி ஒரு கோப்பைத் திறந்தார், மூடினார். தொலைபேசி அடித்தது, எடுக்கவில்லை. நேரம் ஆக ஆக அறை வாசலில் சத்தம் கேட்டது. சலவைக்கூடத்துப் பெண்கள் நாலைந்து பேர் ஏறி வந்திருந்தார்கள். யாரும் உள்ளே வரவில்லை. ஆனால் போகவும் இல்லை. கடைசியில் அவர் தொலைபேசியைத் தானே எடுத்து யாரிடமோ, "அந்தக் கையெழுத்து வேண்டாம்" என்றார்.

விசாரணை நடந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள், பெரும்பாலோர் உள்ளதைச் சொன்னார்கள். மேற்பார்வையாளரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். பாட்டுக்காரிக்குச் சிகிச்சையும், குணமான பின் வரவேற்பு மேஜையில் வேலையும் கிடைத்தன. நெட்டைக்கும் மாற்றம் கிடைத்தது. தரைத்தளத்துக்கும் கீழே ஜன்னலில்லாத துணிக் கிடங்கில், ஒரே இடத்தில் நின்று மடிக்கிற வேலை. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. "உங்க அனுபவத்துக்கு ஏத்த பொறுப்பு" என்றார்கள்.

அங்கே அவள் கூண்டுக்குள் விட்ட பூனைபோல் நடந்தாள். அந்த வருஷக் கடைசியில்தான் இன்னொரு சேதி வந்தது. பழைய சிறைக்கூடத்தை இடிக்கும்போது ஒரு சுவருக்குள் அச்சுக்காரியின் படம் கிடைத்தது. கூட இருந்த கைதி ஒருத்தி கரியால் வரைந்து, அடியில் அச்சுக்காரியின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்ட படம். குட்டை உருவம், உப்பிய கன்னம், லேசான மாறுகண், வாய்கொள்ளாச் சிரிப்பு. நெட்டைக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

நகரசபை கூடிக் கூடிப் பேசியது. கடைசியில் உடம்பு இருக்கட்டும், தலையை மட்டும் மாற்றுவது என்று தீர்மானித்தது. சிற்பி தானே நேரில் வந்து சொன்னார். வாசலிலேயே தயங்கி நின்றார்.

"தலையை எடுக்கப் போறாங்கம்மா."

"எப்போ?" என்று கேட்டாள் நெட்டை, பல் பிடுங்க நாள் கேட்பதுபோல.

"உனக்கு வேணும்னா பழைய தலையை நீயே வச்சுக்கலாம். நான் கேட்டு வாங்கித் தர்றேன்."

உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "ஒரு தலைக்கே இந்த வீடு தாங்கல. இன்னொண்ணு வேறயா?"

சிற்பி சிரித்துவிட்டார். கணவர் மட்டும் சிரிக்கவில்லை. "அதை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். உருக்கிப் புதுத் தலைக்கு ஊற்றப்போவதாகச் சிற்பி சொன்னார். கணவர் சற்று யோசித்து, "அதுவே நல்லது. பொருள் வீணாகாது" என்றார். அவர் அளவுக்கு அது நீண்ட பேச்சு.

தலை இறங்கிய நாளில் நெட்டை விடுப்புப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தாள். பாரந்தூக்கியின் கயிற்றில் அவளுடைய முகம் ஆடி ஆடி இறங்கியது. சாக்குத்துணியில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். நிம்மதி வந்தது, ஒரு ஸ்டாப் தூரம் கூட நிற்கவில்லை. பேருந்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவன் முழங்கையால் இடித்துவிட்டு மன்னிப்புக்கூடக் கேட்காமல் முன்னே போனான். "ஏம்ப்பா, நான் இங்க நிக்கிறது தெரியலயா?" என்று கேட்டாள். அவன் மிரண்டு ஒதுங்கினான். இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது, அந்தக் கேள்வியை யார் முகத்துக்காகவும் கேட்கவில்லை என்பது.

கோடையில் கிடங்கில் காற்றில்லாமல் புதிதாக வந்த பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார்கள். மேலிருந்து பாட்டுக்காரி இறங்கி வந்தாள், வளைந்த விரல்களால் படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு.

"கிளம்பு, அஞ்சாம் மாடிக்குப் போகலாம்."

"இப்ப எங்கிட்ட அந்த மூஞ்சி இல்லையே. சுவத்துல வேற படம் மாட்டிட்டாரு."

"படத்தையா கூட்டிட்டுப் போறேன்? வா, பேசாம. இல்ல, பேசிட்டே வா."

மடித்துக்கொண்டிருந்த போர்வையை நெட்டை அப்படியே போட்டுவிட்டு ஏறினாள். முதல் தடவை நிர்வாகி ஊரில் இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் தடவை கிடங்குப் பெண்கள் எல்லோரும் போனார்கள். அடுத்த வாரம் சுவரில் துளையிட்டு இரண்டு காற்றாடி வைத்தார்கள். ஒன்று ஓடியது, மற்றது கடகடவென்று சத்தம் மட்டும் போட்டது. நெட்டை அதன் கீழே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு மறுபடியும் படியை நோக்கி நடந்தாள்.